பஸ் வருகிற ஊர்

1. ஓடையும் பாலமும்

இரண்டாயிரங்களின் நடுவில், கனடாவில், புவாண்ட்-கிளேரில் இருந்த எங்கள் இன்ஜினியரிங் கன்சல்டன்சிக்குத் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு லிங்க் ரோடு திட்டமிடும் வேலை கிடைத்தது. சென்னைக்காரி என்பதால் அதை என் தலையில் கட்டினார்கள். கிராமத்தில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் தங்கியிராதவள் நான். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

விதி எளிது. ஊரில் போதிய ஜனத்தொகை இருக்க வேண்டும், பஸ் வசதி இருக்கக் கூடாது. உள்ளூர் ஆட்கள் ஸர்வே எடுத்து அனுப்புவார்கள். சந்தேகம் வந்தால் நான் போன் போட்டுச் சரிபார்க்க வேண்டும். எதற்காகக் கேட்கிறோம் என்று மட்டும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் ரோட்டுக்கு ஆசைப்பட்டு ஜனங்கள் பொய் சொல்வார்கள் என்பது மேனேஜரின் பயம்.

மேப் வரையும் ராஜன் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், பக்கத்து மேசை. ஒரு நாள் சாட்டிலைட் படத்தைக் காட்டினார்.

"தங்கச்சி, இஞ்ச பாருங்கோ. சின்னவேலம்பட்டிக்கு பஸ் இருக்கெண்டு ஸர்வேயில கிடக்கு. ஓடைக்கு மேல பாலத்தையே காணேல்லை. பஸ் என்ன, நீந்தியே போகுது?"

2. முதல் போன்

அந்த ஊர் வார்டு மெம்பர் பாண்டியம்மாளைக் கூப்பிட்டேன். இங்கே காலை, அங்கே பொழுது சாயும் நேரம்.

"உங்க ஊர்ல எத்தனை குடும்பம்மா இருக்கும்?"

"அது கெடக்கு நூறு தலைக்கட்டு. நீங்க எங்கருந்து தாயி பேசுறீக?"

"கனடாலேர்ந்து. ஊருக்கு பஸ் வருதா?"

"வராம? காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. வீட்டு வாசல்லயே எறங்கலாம். தண்ணிக்கும் பஞ்சமில்ல. நம்ம பையன் பீடி சிகரெட்டக் கையால தொடமாட்டான்."

பையன் ஏன் நடுவில் வந்தான் என்று எனக்கு உறைக்கவில்லை. கிராமத்து மனிதர்கள் வெகுளியாகப் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். "சாட்டிலைட் படம் பழசாக இருக்கும். பஸ் இருக்கிற ஊருக்கு ரோடு எதற்கு? லிஸ்டிலிருந்து எடுத்துவிடு" என்றார் மேனேஜர். எடுத்துவிட்டேன்.

3. இரண்டாவது போன்

சில மாதம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பீடிக் கதையை ராஜன் அண்ணையிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐயோ தங்கச்சி! அவ உங்களைப் பொம்பிளை பகுதி எண்டெல்லோ நினைச்சிருக்கிறா."

மறுநாள் காலை வந்ததும் வராததுமாகப் பாண்டியம்மாளுக்குப் போன் போட்டு, பெண் வீட்டார் இல்லை, ரோட்டுக்காகக் கேட்டேன் என்று உண்மையைச் சொன்னேன்.

"வெளியாளு யாரு கேட்டாலும் பஸ் இருக்குன்னுதான் தாயி சொல்லுவோம். கணக்கெடுக்க வந்தவுகளுக்கும் அதத்தான் சொன்னோம். பஸ்ஸு வராத ஊருக்கு எவன் பொண்ணு குடுப்பான்? மெயின் ரோட்டுக்கு நடந்துதான் போகணும். ஓடைல தண்ணி வந்துட்டா அதுவுமில்ல. இப்ப மாத்தி எழுதிக்க தாயி. சத்தியமா பஸ் இல்ல."

மேனேஜரிடம் ஓடினேன். லிஸ்ட் கையெழுத்தாகிப் போய்விட்டது, அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்றார். அடுத்த கட்டம் வரவே இல்லை.

அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போன் போட்டாலும், எதற்குக் கேட்கிறேன் என்பதைத்தான் முதலில் சொன்னேன். மேனேஜர் முறைத்தார், முறைக்கட்டும் என்று விட்டேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன். கேட்பவர் யாரென்று தெரியாமல் எவரும் தன் ஊரின் குறையைச் சொல்லமாட்டார்.

ரோடு வராது என்பதையும் பாண்டியம்மாளிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"சரி தாயி. அப்ப பஸ் இருக்குன்னே இருக்கட்டும். இல்லன்னு யாருகிட்டயும் சொல்லிப்புடாதீக."