நாத்தனார் வந்தால் பேசும் பாஷை

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடிப்படியில் நாத்தனாரின் செருப்புச் சத்தம் கேட்டால் என் வீட்டுக்காரரின் முகம் மாறிவிடும். அதுவரை பனியனோடு நாற்காலியில் சாய்ந்து கிடந்தவர் எழுந்து சட்டை போட்டுக்கொள்வார். எனக்காக அவர் சட்டை போட்டுக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

"தமின் சா பீபீலா?" என்று கேட்டுக்கொண்டே நாத்தனார் உள்ளே வருவார். சாப்பிட்டாயா என்பதைப் பர்மா பாஷையில் கேட்பது அது. இவர் பதில் சொல்வார். அவ்வளவுதான், மத்தியானம் நான் இலை போடும்வரை இருவரும் அந்தப் பாஷையிலேயே இருப்பார்கள்.

அக்காவும் தம்பியும் பர்மாவில் பிறந்தவர்கள். அங்கே இருக்க முடியாமல் போய், சின்ன வயதில் அப்பா அம்மாவோடு கப்பலில் மெட்ராசுக்கு வந்து இறங்கியவர்கள். எண்ணூரில் குடிசை போட்டு, தள்ளுவண்டியில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்றுத்தான் அந்தக் குடும்பம் ஆளானது. நாத்தனார் இன்னமும் எண்ணூரில்தான் இருக்கிறார். ஞாயிறு தவறாமல் ரயிலேறி வருவார். கையில் ஒரு தூக்கில் வாழைத்தண்டு சூப் இருக்கும். அதைக்கூட என்னிடம் கொடுக்க மாட்டார், நேரே தம்பியின் பக்கத்தில் வைப்பார்.

நான் இந்த ஊர்க்காரி. தண்டையார்பேட்டையில் பிறந்து, கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்து, காலடிப்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். என் பாஷையை ஊரே பேசும். அதில் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்துகொள்ள இடம் கிடையாது.

கல்யாணமான புதிதில் மாமியாரும் இருந்தார். மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தால் அந்தப் பேச்சுதான். நான் கரண்டியோடு நிற்பேன். எனக்கும் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. தண்ணீர் லாரி வந்தால்கூட என் குடத்தை முன்னால் தள்ளத் தெரியாதவள் நான். அவர்களாகச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. மாமியார் போனபிறகு இரண்டு பேரானார்கள். என் கரண்டி கையைவிட்டுப் போகவில்லை.

இவர் ஹார்பரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். நாள் முழுக்க இரைச்சலில் இருந்துவிட்டு வருவதால் வீட்டில் பேச்சு குறைவு என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன். "சோறு." "டீ." "ஃபேனைப் போடு." இதுதான் எனக்கு. வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு ஆனபிறகும் இதேதான். ஆனால் அந்தப் பாஷையில் அவர் கையை ஆட்டுவார், கதை சொல்லுவார், பாட்டின் ஒரு வரியை இழுப்பார். ஒரு சிரிப்பு வேறு இருக்கிறது அவரிடம், கிக்கிக்கென்று சின்னப் பிள்ளை மாதிரி. அது அக்கா வந்தால்தான் வெளியே வரும். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியோடு அப்படிச் சிரித்திருந்தால் போய்ச் சண்டை போட்டிருக்கலாம். கூடப் பிறந்தவளோடு சிரிக்கிறார் என்று யாரிடம் போய் முறையிடுவது?

ஒரு ஞாயிறு நான் வஞ்சிர மீன் வறுத்துக்கொண்டிருந்தேன். நாத்தனார் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி, என்னைப் பார்த்து, ஏதோ சொன்னார். இவர் இருமல் வரும்வரை சிரித்தார்.

"இன்னா அண்ணி?" என்றேன்.

"ஒண்ணுமில்லமே. பழைய கத."

"என்னப் பத்தியா?"

"உன்னப் பத்தி இன்னா கீது பேச? மீனு கருகுது பாரு."

மீன் கருகித்தான் போயிருந்தது. ஆனால் அந்த 'ஒண்ணுமில்ல' என் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. செத்துப் போவதற்குள் இவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று ஒரு நாளாவது எனக்குத் தெரிய வேண்டும். வேறு ஆசை எனக்கு இல்லை.

வழி காட்டியது வீட்டோடு கிடக்கும் எங்கள் ஒரே போன்தான். அக்காவும் தம்பியும் அதில் பர்மா பாட்டுகள் போட்டுக் கேட்பார்கள். அதனால் அடுத்த நாள் நான் எடுத்துப் பார்த்தாலும் அது அந்த ஊர்ச் சமாச்சாரத்தையே கொண்டுவந்து நிறுத்தும். அப்படித்தான் ஒரு நாள் குழந்தைகளுக்கான படக்கதை ஒன்று வந்தது. ஒரு முயல், ஒரு ஆமை, ஒரு ஆறு. ஒரு பெண் குரல் நிதானமாகக் கதை சொன்னது. கீழே உருண்டை உருண்டையாக எழுத்துகள் போயின, முறுக்கு பிழிந்து வைத்த மாதிரி. சொல்லும்போது அந்தந்த எழுத்து சிவப்பாக மாறியது.

இவர் காலையில் டீக்கடைக்குப் போனால் தோஸ்துகளோடு உட்கார்ந்துவிட்டுச் சாவகாசமாகத்தான் வருவார். நெத்திலி ஆயும்போதும் அரிசி களையும்போதும் போனை அரிசி டின்மேல் சாய்த்து வைத்துக்கொள்வேன். அதே கதைதான், திரும்பத் திரும்ப. முதலில் எல்லாம் ஒரே இரைச்சல். கன்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போவது போல, எங்கே ஒன்று முடிந்து எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று தெரியாது. நான் எதையும் மனப்பாடம் செய்யவில்லை. அதற்கான மூளை எனக்கு இல்லை என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிவிட்டார்கள். சும்மா கேட்டேன். ஒரு நாள் கையில் மீன் செதிலோடு இருக்கும்போது 'தண்ணீர்' என்கிற சொல் தானாக வந்து காதில் உட்கார்ந்தது. முயல் தண்ணீர் குடிக்கப் போகிறது. கையை உதறிவிட்டு மறுபடியும் போட்டுக் கேட்டேன். தண்ணீரேதான்.

எழுத்து அப்படி வரவில்லை. விரல் வைத்துப் படித்துத்தான் எனக்குப் பழக்கம். ரேஷன் கடைப் பலகையைக்கூடக் காற்றில் விரலை நகர்த்தித்தான் படிப்பேன். போனில் விரலை வைத்தால் கதை நின்றுவிடும், இல்லாவிட்டால் வேறு எங்கோ ஓடிவிடும். கொஞ்ச நாள் அதோடு மல்லுக்கட்டினேன். பிறகு துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவினேன். குச்சி பட்டால் போனுக்குத் தெரிவதில்லை. ஒன்றாம் வகுப்பில் கரும்பலகைக்குக் குச்சி வைத்த மாதிரி, சிவப்பாகும் எழுத்தின் கூடவே குச்சியை நகர்த்தினேன். மழைக்காலம் போய் வெயில் வந்து, மறுபடி மழை வந்தபோது, குரலை அணைத்துவிட்டும் ஆமையை என்னால் படிக்க முடிந்தது.

கதைகள் பழகியபிறகு போன் ஒரு துறவியைக் கொண்டுவந்தது. பர்மாவில் பொங்கி என்பார்கள். செங்காவி உடுத்தி, விசிறியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரசங்கம் செய்வார். அவர் அவசரப்படுவதே இல்லை. எதையும் இரண்டு தடவை சொல்லுவார். எனக்கு ஏற்ற ஆள் அவர்தான் என்று பிடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றும் தெரியாதவள் போல வெங்காயம் உரித்துக்கொண்டே காதைக் கூடத்தில் வைத்திருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் பேச்சு விளங்கத் தொடங்கியது.

பர்மா வீட்டு வாசலில் இருந்தது கொய்யா மரமா பலா மரமா என்று சண்டை. நாய் உன்னை ஏன் கடித்தது, நீ வாலைப் பிடித்து இழுத்தாய். அம்மா உனக்குப் பெரிய துண்டு கொடுத்தாள், எனக்குச் சின்னது. போன வாரமும் இதே நாய், இதே கொய்யா.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டுக்கூட இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது அந்தப் பாஷைக்குள் எனக்கு ஒரு இடம் இருந்தது என்று வைத்துக்கொண்டிருப்பேன். அவர்கள் அதைக் குழந்தைகளாக விட்டுவிட்டு வந்தவர்கள். அதில் ஹார்பர் இல்லை, சர்க்கரை மாத்திரை இல்லை, கல்யாணம் இல்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு பையனும் அவன் அக்காவும். அந்தப் பையனை நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டவர் ஃபேனைப் போடச் சொல்கிறவர். எரிச்சல் தணியும் என்று நினைத்தேன். இரண்டு மடங்காகியது.

பிறகு அந்த ஞாயிறு வந்தது. அப்பா ஆற்றிலிருந்து எதையோ பிடித்துக்கொண்டு வந்த கதையை நாத்தனார் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு சொல் கிடைக்கவில்லை. முதுகில் ஓடு இருக்குமே, மெதுவாகப் போகுமே என்று கையால் நடித்துக் காட்டினார். தம்பிக்கும் வரவில்லை. தமிழில் சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் அந்தக் கதைக்குள் தமிழை விட அவர்களுக்கு மனமில்லை. இவர் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

நான் சொல்லிவிட்டேன். ஆமைக்கு அந்த ஊர்ச் சொல், அடுப்பங்கரையிலிருந்து.

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கூச்சக்காரிக்கு வாய் திறந்துவிட்டால் மூடத் தெரியாது போலிருக்கிறது. ஆமை தண்ணீரிலும் இருக்கும், தரையிலும் இருக்கும் என்று முழுசாகச் சொன்னேன். எனக்குத் தெரிந்த மாதிரிதான் சொன்னேன். அதாவது, "தானம் செய்ய வந்த பக்தர்களே" என்று தொடங்கி, நிறுத்தி நிறுத்தி, இரண்டு தடவை.

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு முடியாமல் வெடித்துவிட்டார்.

"டேய் நைனா, உம் பொண்டாட்டி பொங்கியாயிட்டாடா. கால்ல வுழுடா, ஆசீர்வாதம் பண்ணும்."

இவர் சிரிக்கவில்லை.

"எப்ப கத்துக்கின?" என்றார்.

"போன்ல கேட்டேன்."

"இத்தினி நாளா நாங்க பேசுனதெல்லாம் கேட்டுக்கினு கீறியா?"

"கேட்டா இன்னா? கொய்யா மரத்தத் தவிர இன்னா பேசுனீங்க?"

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. என் டிரங்குப் பெட்டியை அவர் குடைந்திருந்தால் நான் எப்படி இருப்பேனோ அப்படி இருந்தார். நாத்தனார்தான் சமாளித்தார். "வுடுடா. நல்லாத்தான பேசுது."

அடுத்த ஞாயிறு நாத்தனார் வந்து, "சாப்டியாடா?" என்று தமிழில் கேட்டார். இவர் சாப்பிட்டேன் என்றார். முட்டி வலி பேசினார்கள். மெட்ரோ ரயில் சத்தம் பேசினார்கள். மணலிப் பக்கமிருந்து அடிக்கும் நாற்றம் இந்த வாரம் அதிகம் என்றார்கள். அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. சாப்பாட்டுக்கு முன்பே நாத்தனார் கிளம்பிவிட்டார். அதற்கடுத்த வாரம் வரவில்லை, முட்டி என்று போனில் சொன்னார். இவர் சட்டை போட்டுக்கொண்டு பால்கனியிலேயே நின்றார்.

நான் ஆசைப்பட்டது இதைத்தான் என்று யாராவது சொன்னால் மறுக்க முடியாது. அவர்கள் பாஷை போயிற்று. ஆனால் அவர் எனக்குக் கிடைக்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதுகூட அக்காவுக்காகத்தான். அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமை வந்தது.

மூன்றாவது ஞாயிறும் நாத்தனார் வரவில்லை. எனக்குத் தாங்கவில்லை. போனைக் கூடத்துக்கு எடுத்து வந்து, சத்தத்தைக் கூட்டி, முயல் ஆமைக் கதையைப் போட்டேன். ஈர்க்குச்சியை எடுத்துக்கொண்டு வழக்கம்போல உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர் மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அது இன்னா எழுதிக்கீது?"

அப்போதுதான் தெரிந்தது, அவருக்கு எழுத்து தெரியாது. அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன்பே கப்பல் ஏறிவிட்டார். நான் குச்சி வைத்துப் படித்தேன்.

"அப்டி இல்ல. மூக்குல சொல்லு," என்றார்.

சொன்னேன்.

"இன்னும் மூக்குல."

"எம் மூக்கு இவ்ளோதான்."

கிக்கிக்கென்றார். ஒரே ஒரு தடவை. உடனே போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார். "அக்கா, இது படிக்குது. குச்சி வச்சிக்கினு படிக்குது. நீ வா." அந்தச் சிரிப்பை நான் முழுசாக வாங்கி முடிப்பதற்குள் அதை எண்ணூருக்கு அனுப்பிவிட்டார்.

நாத்தனார் மறுபடி வருகிறார். தூக்கு இன்னமும் தம்பியின் பக்கத்தில்தான் இறங்குகிறது. பாஷையும் திரும்பிவிட்டது. நான் இருப்பதை மறந்துதான் இப்போதும் பேசுகிறார்கள், சொல் கிடைக்காதபோது மட்டும் நினைவு வருகிறது. என்னைப் பொங்கி என்றே நாத்தனார் கூப்பிடுகிறார். அந்த வாசலில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் எனக்குச் சொல் தெரியும், மரத்துக்கு, நாய்க்கு, வேலிக்கு. ஆனால் அவர்கள் அங்கே போய்விட்டால் நான் வேலிக்கு வெளியேதான்.

போன ஞாயிறு சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் பேச்சு தடுக்கி நின்றது.

"ஏய், பொங்கி," என்று நாத்தனார் குரல் கொடுத்தார். "மாங்கா அறுப்பமே நீளக் கொம்புல, நுனில வல கட்டி. அதுக்கு இன்னா சொல்லுவாங்க?"

எனக்குத் தெரியும். போனில் கேட்ட குரங்குக் கதையில் வருகிறது.

"இன்னாமே, காது கேக்கலியா?" என்றார் இவர். "சொல்லு, கத நிக்குது."

கஞ்சி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. முழுசாக வடியட்டும் என்று பானையைச் சாய்த்தபடியே நின்றேன்.