கீழ்வீட்டு வழக்கு

தெருவில் எல்லோரும் அவரை நர்சம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆபரேஷன் தியேட்டரில் நின்றே தலை நரைத்தவர். டாக்டர் கையை நீட்டினால் கேட்காமலே சரியான கத்தியை எடுத்துக் கொடுப்பார். வீட்டுக்கு வந்தபின் கணவர் தண்ணீர் கேட்டால் மட்டும், "உங்களுக்கென்ன கை இல்லையா?" என்பார்.

கணவர் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். பிள்ளை இல்லை. சேமிப்பையெல்லாம் துடைத்தெடுத்து, போதாததற்கு வங்கியில் கடனும் வாங்கி, மூன்று வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்த ஒரு பழைய கட்டடத்தை வாங்கினார்கள். வயதான காலத்தில் இரண்டு வாடகை வந்தால் யார் முகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்பது கணவரின் கணக்கு. விலை சல்லிசாகத்தான் கிடைத்தது. அது ஏன் சல்லிசு என்பது பத்திரம் பதிந்த பிறகுதான் புரிந்தது.

பழைய கட்டடங்களுக்கென்று ஒரு வாடகைச் சட்டம் இருந்தது. வாடகை எவ்வளவு என்று அரசாங்க அலுவலகம் சொல்லும். குடியிருப்பவர் ஒழுங்காக வாடகை கொடுக்கும்வரை அவரைக் காலி செய்யச் சொல்ல முடியாது. சொந்த உபயோகத்துக்கு வேண்டும் என்றோ, இடித்துக் கட்டப் போகிறோம் என்றோ நீதிமன்றத்தில் நிரூபித்தால்தான் உண்டு. புதுக் கட்டடங்களுக்கு இது எதுவும் கிடையாது.

ஆகவே ஜன்னலும் கதவும் வந்ததுபோல இரண்டு குடித்தனங்களும் கட்டடத்தோடு சேர்ந்தே வந்தன. வரி கட்டி, தண்ணீர்க் குழாயைப் பழுது பார்த்தால் வாடகை தீர்ந்துவிடும். கணவர் சிரித்துக்கொண்டே சொல்வார்: "நாம வீடு வாங்கலடி. வீடுதான் நம்மள வேலைக்கு வச்சிருக்கு." கடன் அடைவதற்கு முன்பே அவர் போய்விட்டார். மீதியை நர்சம்மா தன் சம்பளத்திலிருந்து கட்டி முடித்தார்.

கீழ்வீட்டில் இருந்தவர் வேன்கள் ஓட்டும் டிராவல்ஸ்காரர். நடுவீட்டில் பள்ளிக்கூடச் சீருடைகள் தைக்கும் தையல்காரம்மா. ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு வெளிச்சம் இருக்கும்வரை மிதிப்பாள். உச்சியில் நர்சம்மா.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் முழங்கால்கள் மக்கர் பண்ண ஆரம்பித்தன. நின்று நின்று தேய்ந்தவை. படிக்கட்டோ செங்குத்து. கடைக்குப் போய்விட்டு வந்தால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நடுவீட்டு வாசலில் ஒரு முறை உட்கார்ந்து எழுந்துதான் மேலே போக முடிந்தது. ஒருநாள் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார்.

"தம்பி, காலி பண்ணச் சொல்லல. நீங்க மேல வந்துருங்க, நான் கீழ வந்துடறேன். அதே வாடகைதான். மேல காத்தும் நல்லா வரும்."

"ஐயோ, என்னக்கா நீங்க" என்றார் டிராவல்ஸ்காரர். "டிரைவருங்க விடியக்காலைல சாவி வாங்க வருவாங்க. மேல இருந்தா சரிப்படுமா? நீங்க வேணா ஒரு நல்ல கால் டாக்டரைப் பாருங்க. எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்காரு."

முப்பது வருஷம் டாக்டர்களோடு நின்றவருக்கு அவர் டாக்டர் சிபாரிசு செய்தார்.

இதையாவது பொறுத்துக்கொண்டிருக்கலாம். அடுத்த மாதம் அவரே நர்சம்மாவை மாடிப்படியில் நிறுத்திப் புலம்பினார். ஊருக்கு வெளியே புதிதாக ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டிருந்தாராம். "குடி வந்தவன் சரியில்லக்கா. வாடகைய ஏத்துனா மூஞ்சியத் தூக்கிக்கறான். கிளம்புன்னுட்டேன். என் வீடுக்கா, நான் சொன்னா போக வேண்டியதுதானே?"

"போயிட்டானா?"

"போகாம? புதுக் கட்டடமாச்சே."

நர்சம்மா அன்றே வக்கீலைப் பார்க்கப் போனார்.

சொந்த உபயோகம் என்று வழக்குப் போட்டார்கள். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் மனுதாரரின் நிலையை நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் ஓர் ஆய்வாளரை அனுப்பியது. அவர் வந்து கீழே நின்று மணியை அடித்தார். மேலே வரச் சொல்லிக் குரல் கொடுத்திருக்கலாம். ஆனால் ஒருவர் நம்மைத் தேடி வந்திருக்கும்போது மேலிருந்து கத்துவது நர்சம்மாவுக்குப் பழக்கமில்லை. நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். "வாங்க சார், படி கொஞ்சம் செங்குத்து, பார்த்து வாங்க" என்று அவருக்கு முன்னால் ஏறினார். உயிர் போகிற வலி. தியேட்டரில் எத்தனை மணி நேரமானாலும் முகம் சுளிக்காமல் நின்ற பெண்மணி. வேற்று ஆள் முன்னால் முனக வாய் வரவில்லை. நடுவீட்டு வாசலில்கூட உட்காரவில்லை. மேலே போய் டீ போட்டுக் கொடுத்தார். ஆய்வாளர் குடித்துவிட்டு, ரொம்ப நன்றி அம்மா என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

மனுதாரர் யார் துணையுமின்றி மாடிப்படிகளில் இறங்கி ஏறினார் என்று அறிக்கை வந்தது. வழக்கு தள்ளுபடி.

"ஏன்மா ஏறுனீங்க?" வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார்.

"வந்த மனுஷனுக்கு முன்னாடி நாடகமா போடச் சொல்றீங்க?"

"நாடகம் இல்லம்மா. உண்மைய உண்மையாக் காட்டிருக்கலாமே!"

ஆய்வாளர் வந்துபோன மறுநாள் நர்சம்மா கட்டிலைவிட்டு எழவில்லை. தையல்காரம்மாதான் மேலே வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அதற்குச் சாட்சி யாரும் இல்லை.

அதே தையல்காரம்மா அந்த மழைக்காலத்தில் வாடகை அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். சுவருக்குள் போன கழிவுக்குழாய் வெடித்து அவள் வீட்டுக்குள் ஊறியது. துணிக்கட்டுகள் பாழாயின. உடனே சரிசெய்யச் சொல்லி நர்சம்மாவுக்கு உத்தரவு வந்தது.

"எங்கிட்ட சொல்லக் கூடாதாம்மா?"

"சொன்னேனேக்கா, மூணு தடவ. காசில்லன்னீங்க. உங்க மேல கோவம் இல்ல. நனைஞ்ச துணிக்குப் பள்ளிக்கூடத்துக்காரன் எங்கிட்டதானே கேப்பான்?"

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதுதான் நர்சம்மாவுக்கு அதிகமாக எரிந்தது. டிராவல்ஸ்காரரைத் திட்டினால் மனம் ஆறும். இவளைத் திட்டவும் வழியில்லை. அந்த வாடகையைவிடக் கொஞ்சம் கூடினாலும் அவளால் இந்த ஊரில் இருக்க முடியாது. சட்டம் யாருக்காக எழுதப்பட்டதோ அந்த ஆள் நடுவீட்டில் இருந்தாள். யாருக்காக எழுதப்படவில்லையோ அவர் கீழ்வீட்டில் இருந்தார். இருவருக்கும் ஒரே சட்டம். இருவரையும் தாங்குகிற தூண் ஒரு ஓய்வூதியக்காரி.

கழுத்துச் சங்கிலியை விற்றுக் குழாயைச் சரி செய்தார். அதன்பிறகு கட்டடத்தை விலைக்குக் கேட்டு ஒரு பில்டர் வந்தபோது நர்சம்மா அவரை உட்காரச் சொன்னார்.

பில்டர் பாதி விலைதான் சொன்னார். "ஆள் இருக்கற கட்டடம்மா. அவங்களக் கிளப்பற செலவும் இதுலதானே கழியணும்?"

"நான் இத்தனை வருஷமா கோர்ட்டுக்கு அலைஞ்சேன். ஒருத்தரையும் அசைக்க முடியல. நீங்க எப்படி அசைப்பீங்க?"

"இடிச்சுக் கட்டறேன்னு போவேன். அதுக்குப் பணமும் பிளானும் இருக்குன்னு காட்டணும். எங்கிட்ட இருக்கு."

அவ்வளவுதான் விஷயம். நர்சம்மா கையெழுத்துப் போட்டார்.

தையல்காரம்மா பயந்துபோய், பில்டர் முதலில் நீட்டிய பணத்தை வாங்கிக்கொண்டு காலி செய்தாள். டிராவல்ஸ்காரர் வக்கீல் வைத்துக் கடைசிவரை அடம் பிடித்தார். கிளம்பும்போது இன்னொரு ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டுமளவுக்குக் கிடைத்தது. போகிறபோது நர்சம்மாவிடம் சொல்லிக்கொள்ளவும் மறக்கவில்லை. "உங்க கட்டடம் ராசியான கட்டடம்க்கா."

நர்சம்மா புதுக் கட்டடம் ஒன்றில் தரைத்தளத்தில் வாடகைக்குக் குடிபோனார். வருட ஒப்பந்தம். ஜன்னலுக்குத் திரை தைக்க வேண்டியிருந்தது. தையல்கடை பக்கத்திலேயே இருந்தாலும், விசாரித்து, இரண்டு பஸ் மாறி, ஊர்க் கடைசியில் இருந்த தையல்காரம்மாவிடம் துணியை எடுத்துக்கொண்டு போனார்.

ஒற்றை அறை. மெஷின் கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில் நின்றது. பகலிலேயே விளக்கு எரிந்தது. பள்ளிக்கூட ஆர்டர் போய்விட்டதாம். இவ்வளவு தூரம் யார் வந்து அளவு கொடுப்பார்கள்? இப்போது பழைய துணிக்கு ஒட்டுப் போடுகிறாளாம்.

"வந்து பாத்துட்டுப் போலாம்னு…" என்று இழுத்தார் நர்சம்மா.

"பாத்துட்டீங்களேக்கா." அவள் துணியை அளந்தாள். "நீங்க வித்தீங்க, அவங்க இடிச்சாங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"நானும் வாடகைக்குத்தான்மா இருக்கேன் இப்ப."

"அப்படின்னா இதுல கையெழுத்துப் போடுங்க." குடியிருப்போர் சங்கத்து மனு ஒன்றை எடுத்து மெஷின்மேல் வைத்தாள். புதுக் கட்டடங்களுக்கும் வாடகைச் சட்டம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

நர்சம்மா பேனாவை வாங்கினார். வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"என்னால முடியாதும்மா."

"இன்னும் வீட்டுக்காரம்மாதான் போல" என்றாள் அவள், கோபமில்லாமல். திரையைத் தைத்து மடித்து, கூலியை ஒரு காசு குறைக்காமல் வாங்கிக்கொண்டாள்.

ஒப்பந்தம் முடிகிற மாதம் வீட்டின் சொந்தக்காரி வந்தாள். வயதில் சிறியவள், ரொம்ப மரியாதை. வங்கிக் கடன், வரி, லிஃப்ட் செலவு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, வாடகையைக் கால்பங்கு கூட்டிக் கேட்டாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. நீங்களும் வீடு வச்சிருந்தவங்க. எங்க கஷ்டம் உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்" என்றார் நர்சம்மா.

கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். பில்டர் கொடுத்த பணம் இந்தக் கணக்கில் எத்தனை வருஷம் வரும் என்று போட்டுப் பார்த்தார். தன் ஆயுசு அதற்குள் முடிந்துவிட்டால் நல்லது என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே என்று அழவும் இல்லை. எழுந்துபோய் அடுப்பில் உலை வைத்தார்.