ஐந்தாவது கையெழுத்து

கண்டிக்குக் கிழக்கே மலையில் இருக்கும் ஒரு பிரதேச சபையில் நான் மொழிபெயர்ப்பாளர். வீடு கண்டி நகரில், மஹய்யாவவில். காலையில் பஸ் ஏறினால் சபைக்குப் போய்ச் சேர இரண்டு மணித்தியாலம் பிடிக்கும். வரி அறிவித்தல், பெயர்ப்பலகை, முறைப்பாட்டுக் கடிதம் என்று என் நாள் போய்விடும். மாதக் கூட்டத்தன்று மட்டும் ஒரு பிளாஸ்டிக் கதிரையைச் சுவரோரம் போட்டு உட்கார்ந்திருப்பேன். யாராவது தமிழில் பேசினால் அதைச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். பல வருடங்களாக அப்படி யாரும் பேசியதில்லை. தமிழ் உறுப்பினர்களும் சிங்களத்திலேயே பேசி முடித்துவிடுவார்கள்.

போன தேர்தலுக்குப் பிறகு ஒரு பெண் உறுப்பினர் வந்தார். தேயிலைத் தோட்டத்தில் இருபத்தைந்து வருடம் கொழுந்து பறித்தவர். ஆளும் கட்சிப் பட்டியலில் பெண்கள் தேவைப்பட்டதால் சேர்த்தார்கள் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டோம். கடைசி வரிசையில் உட்காருவார். மற்றவர்கள் கை தூக்கினால் அவரும் தூக்குவார். அவர் வாய் திறந்து பேசி நான் கேட்டதில்லை. பதவிக்காலம் முழுவதும் இப்படித்தான் போகும் என்று நானும் நினைத்தேன்.

அன்றைய கூட்டத்துக்கு ஒரு அறிக்கை வந்திருந்தது. மேல் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்துக்குப் பின்னால் மலைச்சரிவில் மண் வெடித்திருக்கிறது, எங்களை வேறிடத்துக்கு மாற்றுங்கள் என்று அங்குள்ளவர்கள் எழுதியிருந்தார்கள். ஐந்து உறுப்பினர்கள் கொண்ட குழு போய்ப் பார்த்ததாகவும், உடனடி ஆபத்து எதுவும் இல்லை என்றும் அறிக்கை சொன்னது. கீழே ஐந்து கையெழுத்துகள். தவிசாளர் அதை நிறைவேற்றப் போகிற நேரத்தில் கடைசி வரிசையில் அந்த அக்கா எழுந்து நின்றார்.

“தவிசாளர் ஐயா, நான் தமிழ்ல பேசணும்.”

நான் கதிரையைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினேன். மைக் ஒன்றுதான். அவர் பேசி முடித்து என்னிடம் நீட்டுவார், நான் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். பேசுகிறவர் ‘நான்’ என்றால் மொழிபெயர்ப்பவரும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் முறை.

“இந்த அறிக்கையில அஞ்சு கையெழுத்து இருக்கு. அஞ்சாவது என்னோடது.”

சொன்னேன்.

“நான் அந்த லயத்துக்குப் போகல. போகாமலே கையெழுத்துப் போட்டேன்.”

மைக் என் கைக்கு வந்தது. ‘என்னால் போக முடியாமல் போய்விட்டது’ என்று சொன்னால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லுங்க தங்கச்சி. அப்படியே சொல்லுங்க.”

நான் போகவில்லை, போகாமலே கையெழுத்துப் போட்டேன் என்று சிங்களத்தில் சொன்னேன். குழுவின் தலைவராக இருந்த உறுப்பினர், அக்காவின் சொந்தக் கட்சிக்காரர், துள்ளி எழுந்தார். ஒழுங்குப் பிரச்சினை என்று குறுக்கிட்டார். அந்த அம்மா வேறு ஏதோ சொல்லியிருப்பார், மொழிபெயர்ப்புத்தான் பிழை என்று என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். தவிசாளரும் என்னைப் பார்த்தார்.

அக்கா மைக்கை என்னிடமிருந்து வாங்கினார். அவருக்குச் சிங்களம் வராது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். கடைத்தெருவில் பழகிய உடைந்த சிங்களத்தில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

“மிஸ் சொன்னது சரி. நான் போகவில்லை. ஐயாவும் போகவில்லை” என்று குழுத் தலைவரைக் காட்டினார்.

பிறகு தமிழுக்குத் திரும்பினார். “எனக்குத் தெரிஞ்ச சிங்களத்துல இதெல்லாம் பிழையில்லாம சொல்ல ஏலாது. அதான் மிஸ் வேணும்.”

குழுத் தலைவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். வாகனம் நிற்கும் இடத்திலிருந்து லயத்துக்கு எப்படிப் போனீர்கள்? கோயிலைத் தாண்டி ரோட்டால் என்றார் அவர்.

“அங்க ரோடு இல்லைங்க ஐயா. தேயிலைக்குள்ள இறங்கி, ஓடையில போட்டிருக்கிற மரத்து மேல நடந்துதான் போகணும். போன ஞாயித்துக்கெழம நான் போனேன். கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம்.”

ஏன் போனார் என்பதையும் சொன்னார். அறிக்கையை யாரோ படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். சந்தையில் அந்த லயத்துப் பெண் ஒருவர் இவரை நிறுத்தி, “எங்க வீட்டுக்கு வந்ததா எழுதியிருக்கீங்களாமே, டீ குடிச்சீங்களா?” என்று கேட்டிருக்கிறார். கோபமாகக்கூடக் கேட்கவில்லையாம். உண்மையிலேயே தான் இல்லாத நேரம் வந்து போனார்களோ என்று நினைத்துத்தான் கேட்டாராம்.

“அந்த வெடிப்புல கைய விட்டுப் பாத்தேன். முழங்கை வரைக்கும் போகுது. மழைன்னா பிள்ளைங்க சப்பாத்த மாட்டிக்கிட்டே படுக்குதுங்க. ஓடணும்னா ஓடுறதுக்கு.”

இதைச் சிங்களத்தில் சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் அழவில்லை, கத்தவில்லை. யாரையும் திட்டவும் இல்லை. தன் பிழையை முதலில் மேசையில் வைத்துவிட்டு, உங்களுடையதையும் வையுங்கள் என்று நின்றார். அவ்வளவுதான். அந்த மண்டபத்தில் எத்தனையோ உரத்த பேச்சுகளைக் கேட்டிருக்கிறேன். ஒரு மனுஷி அவ்வளவு உயரமாக நின்று அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்து எழுந்தவர் மூன்றாவது கையெழுத்துக்காரர். பஸாரில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் உறுப்பினர். சபையில் எப்போதும் சிங்களம் பேசுகிறவர், அன்று தமிழில் பேசினார். “நானும் போகல்ல. பாதி வழில மழையெண்டு திரும்பி வந்துட்டோம். பிழைதான்.” அதற்கும் நான்தான் ‘நான்’ என்று சொன்னேன். மற்ற இருவர் தொலைபேசியைப் பார்த்தபடி இருந்தார்கள். குழுத் தலைவர் ஒரு செத்த வீட்டுக்குப் போகவேண்டும் என்று வெளியேறினார். தவிசாளர் அறிக்கையை நிறைவேற்றாமல் ஒதுக்கி வைத்தார். சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள் என்றார்.

கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது கேட்டேன்.

“பயமா இல்லையா அக்கா?”

“பயந்தேன்தான்.”

“கட்சிக்காரங்களுக்கா?”

“இல்ல தங்கச்சி. நீங்க மாத்திச் சொல்லிருவீங்களோன்னு.”

எனக்கு முகம் சுட்டது. அந்த ஒரு கணத்தை அவர் கண்டுகொண்டிருக்கிறார். மாற்றிச் சொல்ல நினைத்ததை ஒப்புக்கொண்டேன். அவர் என் கையில் தட்டிக்கொடுத்து, “சொல்லலதானே” என்றார்.

சனிக்கிழமை நானும் போனேன். ஐவரில் மூவர் வந்தார்கள். மரத்தைக் கடக்கும்போது கடைக்கார உறுப்பினர் என் குடையைப் பிடித்துக்கொண்டார். ஆபத்து இருக்கிறது என்று புதிய அறிக்கை வந்தது. அடைமழை பிடிப்பதற்கு முன் அந்தக் குடும்பங்கள் தோட்டத்துப் பழைய பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு மாறின. நிரந்தர வீடுகள் இன்னும் வரவில்லை. கட்சியிலிருந்து அக்காவுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, சிங்களத்தில். அதை நான்தான் வாசித்துச் சொன்னேன். கேட்டுவிட்டு மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

இப்போதும் கடைசி வரிசையில்தான் இருக்கிறார். கையெழுத்துக்கு எந்தத் தாள் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு முழுவதையும் தமிழில் கேட்கிறார். கூட்டம் நீளுகிறது என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். நான் அவசரப்படாமல் வாசிக்கிறேன்.