ஆணியும் சேர்த்து வாங்கியவர்

அறுபதுகளில் குற்றாலத்து பங்களா ஒன்றில், வீடு வீடாகப் போய் வாங்கிய தஞ்சாவூர்ப் படங்களைச் சேர்த்து வைத்திருந்தார் ஒரு பெரியவர். எந்தப் படம் யார் வீட்டிலிருந்து வந்தது என்று சீட்டு எழுதி ஒட்டுவது என் வேலை. சாரலில் பசை இளகி, ஒருநாள் காலையில் சீட்டுகளெல்லாம் தரையில் கிடந்தன. எது எந்தப் படத்துடையது என்று தெரியாமல், வேலை போச்சு என்று பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அருவிக்குக் குளிக்கக் கிளம்பி, எண்ணெய் வழியும் உடம்போடு வந்த பெரியவர், "ஏம்லே பதறுத? படத்தைத் திருப்பு" என்றார். ஒவ்வொன்றின் பின்னாலும், அது முன்பு தொங்கிய ஆணி கட்டியிருந்தது. அதைத் தடவிப் பார்த்தே வீட்டைச் சொன்னார்.

"ஆணியையும் ஏன் வாங்குதிய, அண்ணாச்சி?"

"வெறும் ஆணியைப் பாத்துக்கிட்டிருந்தா அந்த வீட்டுக்காரிக்கு மனசு கேக்குமாலே?"

அவர் காலத்துக்குப் பிறகு படங்களை யாரோ மொத்தமாக வாங்கிப் போனார்கள். பங்களாச் சுவரில் அவை தொங்கிய ஆணிகள் அப்படியே இருக்கின்றன.