என் பையில் இருந்த கம்பி

என் அண்ணன் ஒரு பையனை இரும்புக் கம்பியால் அடித்தபோது எனக்கு ஒன்பது வயது. அந்தக் கம்பியை ஐந்து நாட்கள் பாடசாலைப் பையில் சுமந்து திரிந்தவள் நான்.

அப்போது கட்டுகஸ்தோட்டையில், மேட்டுப்பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து மேசன் வேலை பார்த்தார். அம்மா தையல் கடையொன்றில் வேலை செய்தார். அண்ணனுக்குப் பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். இருவரும் ஒரே பஸ்ஸில் கண்டிக்குப் போய் ஒன்றாகத் திரும்புவோம்.

நாங்கள் இறங்கும் தரிப்பிடத்தில் நாலு பையன்கள் காத்து நிற்பார்கள். அண்ணனின் பாடசாலைதான், ஒரு வகுப்பு மேலே. முதலில் அவனுடைய சாப்பாட்டுப் பெட்டியைப் பிடுங்கி எறிந்து விளையாடினார்கள். பிறகு அவனுடைய தோட்டத்துப் பேச்சை அப்படியே பேசிக் காட்டிச் சிரித்தார்கள். ஒருநாள் கடைகளுக்கு முன்னால், போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்க, காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போடச் சொன்னார்கள். அவர்களில் சின்னவன் அதை ஃபோனில் பிடித்தான். அண்ணன் போட்டான். எனக்கு அது விளையாட்டாகத்தான் தெரிந்தது. கைதட்டிக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நானும் எண்ணினேன்.

அன்று மாலை அண்ணன் அப்பாவிடம் சொன்னான். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அப்பா சீமெந்து படிந்த கையாலேயே கன்னத்தில் ஓர் அறை விட்டார்.

"நீ ஆம்பளப் புள்ளதானே? அடிச்சவன அடிச்சிட்டு வந்து சொல்லு. அழுதுகிட்டு வந்து நிக்காத."

"அவங்க நாலு பேருப்பா."

"இன்னொண்ணு வேணுமா?"

அம்மா அடுப்படியிலிருந்து, "வயசுப் பசங்கன்னா அப்படித்தான் இருப்பாங்க, விடுங்க" என்றார். வகுப்பாசிரியரிடமும் அண்ணன் போயிருக்கிறான். பரீட்சை நெருங்குகிறது, கவனத்தைச் சிதறவிடாதே என்று அவர் அறிவுரை சொல்லி அனுப்பினார். தப்பான அறிவுரை என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்த திங்கட்கிழமை காலையில் அண்ணன் என் பையைத் திறந்து, அப்பா வேலைத்தளத்திலிருந்து கொண்டுவந்திருந்த கம்பித் துண்டு ஒன்றைப் பத்திரிகைத் தாளில் சுற்றி உள்ளே வைத்தான்.

"ஒம் பைய யாரும் பாக்க மாட்டாங்க பாப்பா. அம்மாகிட்ட சொல்லிராத."

நான் சொல்லவில்லை. அண்ணன் என்னை நம்பி ஓர் இரகசியம் தந்திருக்கிறான் என்ற பெருமை எனக்கு. தோள் வலித்தது, அதையும் சொல்லவில்லை.

முதல் நாலு நாட்களும் அவர்கள் சிரித்தார்கள். அண்ணன் பையைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் யாரோ அவன் டையைப் பிடித்து இழுத்தார்கள். அண்ணன் திரும்பி, என் முதுகிலிருந்த பையின் சிப்பை இழுத்து, கம்பியை எடுத்துச் சுழற்றினான். அடி விழுந்தது டையை இழுத்தவன்மேல் அல்ல. பக்கத்தில் ஃபோனை வைத்துக்கொண்டு நின்ற சின்னவனின் காதோரத்தில். மற்ற மூவரும் ஓடிவிட்டார்கள். வெள்ளைச் சட்டை முழுக்க இரத்தம். அண்ணன் கம்பியைப் போட்டுவிட்டு, கடை வாசலில் குந்தி வாந்தியெடுத்தான்.

பொலிஸில், கம்பி தன் பையில்தான் இருந்தது என்றான் அண்ணன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா கையைக் கட்டிக்கொண்டு, "எங்க வீட்ல இதெல்லாம் சொல்லிக் குடுக்கல சேர்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார்.

அந்தப் பையனுக்கு ஒரு காது கேட்காமலே போய்விட்டது. அண்ணன் நன்னடத்தை அலுவலரின் பொறுப்பில் ஒரு விடுதியில் பல மாதங்கள் இருந்தான், பரீட்சை எழுதவில்லை. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டே காரணம் சொன்னார்கள். சினிமா என்றார் மாமா. ஃபோன் என்றார் சித்தப்பா. அண்ணனிடம் ஃபோனே இருந்ததில்லை. இன்று நானும் ஓர் ஆசிரியை. பையன்கள் அடித்துக்கொள்ளும்போதெல்லாம் கூட்டம் வைக்கிறோம். அதே காரணங்களை யாராவது சொல்ல, ஒருவர் எழுதிக்கொள்கிறார். நான் தலையாட்டிவிட்டு வருகிறேன். அண்ணன் இப்போது வத்தேகமையில் லொறி ஓட்டுகிறான். அந்தப் பையைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதே இல்லை.

அந்த ஐந்து நாட்களும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொள்வான். அதற்கு முன் ஒருநாளும் பிடித்ததில்லை. கூட்டாளிகள் கேலி செய்வார்கள் என்று பத்தடி முன்னாலேயே நடப்பான். திடீரென்று அண்ணனுக்கு என்மேல் பாசம் வந்துவிட்டது என்று நான் பூரித்துப்போனேன். அவன் உள்ளங்கை சில்லென்று வியர்த்திருக்கும். "ச்சீ, ஈரம்" என்று என் கையை உருவி, பாவாடையில் துடைத்துக்கொண்டு, திரும்பக் கொடுப்பேன்.