கதவு வீட்டில் ஒருத்தியான ரெஜினா அக்கா

ரெஜினா அக்கா இறந்துவிட்ட செய்தி, மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு ஹெப்பகோடி பஸ் நிறுத்தத்தில் நான் நின்றுகொண்டிருந்தபோது வந்தது. பேசியவர் அவருடைய தம்பி மனைவி ஃபிலோமினா. "சுமதியா? அண்ணி நேத்து மத்தியானம் போய்ட்டாங்கம்மா. அவங்க கடைசியா பேசினது உங்ககிட்டதான்னு போன்ல இருந்துச்சு, அதான் கூப்பிட்டேன்," என்றார். ஆனேக்கல் பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. எப்படி இறந்தார் என்று நான் கேட்கவில்லை. "எங்க உட்கார்ந்திருந்தாங்க?" என்றுதான் கேட்டேன். ஃபிலோமினா, "நேர்ல வாங்க, சொல்றேன்," என்றார்.

ரெஜினாவை அலுவலகத்தில் அறிந்தவர்கள் பலர். ஞாயிற்றுக்கிழமை மேசையில் அறிந்தவர்கள் சிலர்தான். இரு சாராரும் அவரைப் பற்றி ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: வாய் தவறிக்கூட ஒரு வார்த்தையை வீணாக விடாதவர்.

தொண்ணூறுகளின் கடைசியில் எலக்ட்ரானிக் சிட்டியில் நாங்கள் ஒரே நிறுவனத்தில் இருந்தோம். மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. அதற்குக் கையேடு எழுதுவது அவர் வேலை. ஒருமுறை, இன்னும் செய்து முடிக்காத ஒரு வசதியைக் கையேட்டில் இப்போதே சேர்த்துவிடும்படி மேலாளர் கேட்டார். ரெஜினா மறுத்துவிட்டார். "எழுதிட்டா அது இருந்தே ஆகணும் சார். இல்லாததை எழுத எனக்குப் பயம்," என்றார். மேலாளர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

கன்டோன்மென்ட் பக்கம், மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த சந்தில் அவருடைய வீடு. திருமணம் செய்துகொள்ளவில்லை. வீட்டின் பின்பகுதியில் தம்பி குடும்பம், முன்பகுதியில் அவர். ஞாயிறு பூசை முடிந்து சாப்பாடும் ஆன பிறகு, அந்த முன்னறையின் வட்ட மேசையைச் சுற்றி நான், அலுவலக நண்பர்கள் சலீம், மஞ்சுநாத் மூவரும் உட்காருவோம். விளையாட்டு இதுதான்: ஒருவர் ஒரு கற்பனை நாட்டின் கதையை நடத்துவார், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, முடிவெடுத்து, சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருட்டுவார்கள். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த விதிகளை ரெஜினா சீக்கிரமே ஓரம் வைத்துவிட்டு, சொந்தமாக ஒரு நாட்டை உருவாக்கியிருந்தார். கதையை நடத்துவது எப்போதும் அவர்தான். அவருக்கென்று பாத்திரம் எதுவும் வைத்துக்கொண்டதில்லை.

அந்த நாட்டை ஆண்டவை சில பெரிய குடும்பங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மச்சம். அது ரத்தத்தில் வரும். மச்சத்தோடு பிறந்தவருக்கு அந்தக் குடும்பத்தின் சக்தியும் வரும். சலீம் நீர் வீட்டுக்காரர், மஞ்சுநாத் பெயர் வீட்டுக்காரர், நான் கதவு வீட்டுக்காரி. பூட்டிய எதுவும் எங்கள் வீட்டார் கைபட்டால் திறக்கும். "எங்க மூணு பேருமே மச்சக்காரங்க," என்று சலீம் அடிக்கடி சொல்லிச் சிரிப்பார். உங்கள் மச்சத்தை நீங்களே வரையுங்கள் என்று ரெஜினா தாளை நீட்டியபோது, நான் அதிகம் யோசிக்காமல் ப என்ற எழுத்தைத் தலைகீழாகப் போட்டு, உள்ளே ஒரு புள்ளி வைத்தேன். வாசலும் வாசலில் நிற்கும் ஆளும் போல இருந்தது. இடது தோள்பட்டைக்குப் பின்னால் என்று இடத்தையும் நானே சொன்னேன்.

"சரி. இப்ப விலையை நான் சொல்றேன்," என்றார் ரெஜினா. கதவு வீட்டில் தலைமுறைக்கு ஒரு குழந்தைக்கு, மற்றவர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கதவு தெரியும். அதற்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிடுவார்கள். ஒருநாள் அந்தக் குழந்தை போய்விடும், திரும்பாது. அதைக் கொடுப்பதால்தான் மற்ற கதவுகள் அந்த வீட்டுக்குக் கட்டுப்படுகின்றன. இது ரொம்பக் கொடுமையாக இருக்கிறதே என்றேன். "பெரிய குடும்பம்னா யாரையாவது உள்ள அனுப்பிட்டுத்தான் பெரிசா இருக்கும் சுமதி. போனவங்க பேரை மட்டும் சொல்ல மாட்டாங்க," என்றார்.

இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் ஆடினோம். பிறகு நான் கர்ப்பமானேன். ஹெப்பகோடியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக முடியாமல் மேசையை விட்டேன். மகள் பிறந்தாள். நர்ஸ் அவளைத் துடைத்துத் திருப்பியபோது, "முதுகுல மச்சம் பாருங்க. அதிர்ஷ்டக்காரி," என்றார். இடது தோள்பட்டைக்குப் பின்னால், வெளிர் பழுப்பில், தலைகீழான ப. உள்ளே ஒரு புள்ளி.

என் கணவர் முரளிக்கு விளையாட்டைப் பற்றி மேலோட்டமாகத்தான் தெரியும். "எங்கம்மாவுக்கும் அங்கதான் மச்சம் இருக்கு. பரம்பரை," என்று சந்தோஷப்பட்டார். டாக்டர் இது சாதாரணம், வளர வளர மங்கலாம் என்றார். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. குளிப்பாட்டும்போது மட்டும் அந்த இடத்தைப் பார்க்காமல் தேய்க்கப் பழகிக்கொண்டேன்.

மகள் அனுவுக்குப் பேச்சு வந்தபோது, அவள் தெளிவாகச் சொன்ன வார்த்தைகளில் ஒன்று 'கதவு'. எங்கள் படுக்கையறையில் பீரோவை ஒட்டிய வெறும் சுவரைக் காட்டித்தான் சொன்னாள். அந்தச் சுவருக்கு வெளியே காலி மனை, முள்செடி, அவ்வளவுதான். சில நாள் உள்ளங்கைகளை அதில் ஊன்றித் தள்ளுவாள். சில நாள் காதை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டுவாள். ஒருநாள் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தபோது, "கூப்பிடுறாங்க," என்று கையை உதறிவிட்டு எழுந்தாள். நான் அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். அவள் அழவில்லை. காத்திருக்கிறவள் போல உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவளைத் தூங்கவைத்துவிட்டுத் துணி உலர்த்திவிட்டு வந்தேன். கட்டிலில் அவள் இல்லை. வாசல் உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. கட்டிலுக்கு அடியில், சமையலறையில், குளியலறையில், எங்கும் இல்லை. முரளிதான் அவளுடைய மூச்சுச் சத்தத்தைக் கேட்டார். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே, என் கை நுழையாத இடைவெளியில், சுவரைப் பார்த்து நின்றபடி தூங்கிக்கொண்டிருந்தாள். பீரோவை நகர்த்தித்தான் அவளை எடுத்தோம். எப்படிப் போனாள் என்று முரளி பலமுறை அளந்து பார்த்தார். அதன்பிறகு பரம்பரை என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை.

மறுநாள் அனுவைத் தூக்கிக்கொண்டு ரெஜினாவின் வீட்டுக்குப் போனேன். சலீமும் மஞ்சுநாத்தும் இருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சுநாத் தன் கன்னடத் தமிழில், "சும்னே, சும்மா பயப்படறீங்க. சின்னக் குழந்தைங்க என்னவோ சொல்லும்," என்றார். சலீம், தர்காவுக்குப் போய் ஒரு தாயத்து கட்டலாம் என்றார். ரெஜினா அனுவின் கவுனை விலக்கி மச்சத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பட்டனைப் போட்டுவிட்டு, "எந்தச் சுவர்?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வியில்தான் எனக்கு அழுகை வந்தது. அதுவரை என்னை நம்பி யாரும் எதையும் கேட்கவில்லை.

"அக்கா, அந்தக் கதையை மாத்திடுங்க. அந்த விலை வேண்டாம்னு சொல்லிடுங்க," என்றேன்.

"மேசைல சொன்னது சொன்னதுதாம்மா. திரும்ப எடுத்தா, அந்தப் பக்கம் கூப்பிடறவங்களுக்கு இன்னும் கோபம் வரும். ஆனா ஆடி முடிக்கலாம்," என்றார். எழுந்து தன் நாற்காலியை எனக்குக் காட்டினார். "நீ இங்க உட்காரு. இன்னைக்குக் கதையை நீ நடத்து. நான் ஆடுறேன்."

அவர் ஒரு பாத்திரம் எடுத்து ஆடியதை நாங்கள் அன்றுதான் பார்த்தோம். கதவு வீட்டில் வெகுநாளாக வேலை செய்யும் சமையல்காரி. மச்சம் இல்லாதவள், பெயரும் இல்லாதவள். நான் கதவு வீட்டின் தலைவியாக இருக்க வேண்டும். சமையல்காரி என் முன்னால் வந்து நின்றாள். ரெஜினாவின் குரல்தான், ஆனால் அதில் ஒரு பணிவு இருந்தது.

"அம்மா, என்னை உங்க வீட்ல ஒருத்தியா எடுத்துக்குவீங்களா?"

நான் பகடையை எடுத்தேன். ரெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பகடை வேண்டாம். இது கேள்வி. யோசிச்சுப் பதில் சொல்லு. எடுத்துக்கிட்டா நான் உன் வீட்டு மனுஷி. எல்லாத்துக்கும்."

"எடுத்துக்கிட்டோம்," என்றேன்.

"அப்ப இந்தத் தலைமுறைக்கு நான் போறேன். குழந்தையைக் கூப்பிட வேண்டாம்னு அவங்ககிட்ட சொல்லு."

சொன்னேன். சமையல்காரி கதவருகே வந்துவிட்டதாக ரெஜினா சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டார். கதையை நடத்துகிறவள் நான். நான்தான் சொல்ல வேண்டும். எனக்கு ஒன்றும் வரவில்லை. ஒரு தோட்டம் என்று சொல்லியிருக்கலாம், வெளிச்சம் என்று சொல்லியிருக்கலாம். வாய் திறக்கவில்லை.

"சரி, நான் போய்ப் பார்த்துக்கறேன். நீ சாத்து," என்றார்.

"சாத்தியாச்சு."

கதவு சாத்தும் சத்தம் கேட்டதாக மஞ்சுநாத் இன்றும் சொல்வார். அவர் எழுந்துபோய் வாசலைப் பார்த்தார். வாசல் கதவு திறந்தே கிடந்தது, வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தரையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்த அனு தலையைத் தூக்கினாள். ரெஜினா என் எதிரில், அவளுக்கு வலப்பக்கம் இருந்தார். அனு அந்தப் பக்கம் திரும்பவில்லை. முன்னறையின் வெறும் சுவரைப் பார்த்துக் கையை ஆட்டி, "ஆன்ட்டி, டாட்டா," என்றாள்.

அன்றிலிருந்து என் மகள் கதவைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் படுக்கையறைச் சுவரில் அவள் கிறுக்கினாள், முதுகைச் சாய்த்துக்கொண்டு விளையாடினாள். மச்சம் மெல்ல மங்கிற்று. டாக்டர் சொன்னதுதானே என்று முரளி சொன்னார். ஆமாம் என்றேன்.

ரெஜினா மாறவில்லை என்று அலுவலகத்தில் சொல்வார்கள். நான் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஓர் ஆண்டு கழித்து அவரைப் பார்க்கப் போனபோது, அவருடைய நாற்காலி மேசைக்கு மறுபக்கம் மாறியிருந்தது. அனு டாட்டா காட்டிய அந்த முன்னறைச் சுவருக்கு முதுகு காட்டாமல் உட்கார்ந்தார். ஏதோ பேசிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தி, சுவர்ப் பக்கம் கையைத் தூக்கி, "ஒரு நிமிஷம்," என்றார். அது என்னிடம் சொன்னதல்ல. என்னக்கா என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. இன்னும் நேரம் இருக்குன்னு சொன்னேன்."

"பயமா இல்லையா?"

"இருக்கு. ஆனா குழந்தை பக்கத்துல படுத்துக்கிட்டு நீ பட்ட பயம் இல்ல இது. இது என்னோடது. ஒரு காபி போட்டு சமாளிச்சுக்கலாம்," என்று எழுந்து அடுப்படிக்குப் போனார். காபி நன்றாக இருந்தது. அதற்குப் பின் பல ஆண்டுகள் அவர் வேலைக்குப் போனார், தம்பி பிள்ளைகளைப் படிக்கவைத்தார், மாதா கோயில் பாடகர் குழுவில் பாடினார். மாதம் ஒருமுறை எனக்குப் போன் செய்து அனு எப்படி இருக்கிறாள் என்று கேட்பார். இறப்பதற்கு முதல் நாளும் கேட்டார். நன்றாக இருக்கிறாள், நீச்சல் கற்கிறாள் என்றேன். "அப்ப சரி," என்று வைத்துவிட்டார்.

அடக்கத்துக்கு முரளியும் அனுவும் என்னுடன் வந்தார்கள். ஃபிலோமினா என்னை முன்னறைக்கு அழைத்துப் போனார். "பூசைக்குப் போய்ட்டு வந்து சாப்பிட்டாங்க. கொஞ்சம் உட்காரறேன்னாங்க. நான் டீ கொண்டு வரேன், நாற்காலியை அந்தச் சுவர்கிட்டக் கொண்டுபோய்ப் போட்டிருக்காங்க. முட்டி சுவர்ல இடிக்கிற மாதிரி. நல்ல பட்டுப் புடவை கட்டி, கைப்பையை மடியில வச்சு, செருப்பு போட்டுட்டு. வீட்டுக்குள்ள அவங்க செருப்பே போட மாட்டாங்கம்மா," என்றார். "டாக்டர் ஹார்ட்டுன்னாரு. நீங்க எங்க உட்கார்ந்திருந்தாங்கன்னு கேட்டீங்களே, ஏன்?"

நான் அவருக்குச் சொன்னேன். இங்கே எழுதியிருப்பது அத்தனையும் சொன்னேன். ஃபிலோமினா சிலுவை போட்டுக்கொண்டார்.

கல்லறைத் தோட்டத்தில் பாதிரியார் ஜெபித்து முடித்ததும், வீட்டார் முதலில் மண் போடுங்கள் என்றார்கள். தம்பி போட்டார், அவர் பிள்ளைகள் போட்டார்கள். நான் கூட்டத்தோடு பின்னால் நின்றிருந்தேன். ஃபிலோமினா திரும்பிப் பார்த்து, கையை நீட்டி, எங்களை முன்னால் கூப்பிட்டார். ரெஜினாவின் முகம்கூட நினைவில்லாத அனு, ஒரு பிடி மண்ணை எடுத்துப் போட்டாள். "இவங்க நமக்கு யாரும்மா?" என்று கேட்டாள். "நம்ம வீட்டு மனுஷி," என்றேன்.

திரும்பும் வழியில் முரளி, நிஜமாகவே அவர் நம் பிள்ளைக்காகப் போனார் என்று நம்புகிறாயா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பிழை கண்டுபிடிப்பதையே தொழிலாக வைத்திருப்பவள் நான். இதில் எது பிழை, எது தற்செயல் என்று பிரிக்க என்னால் முடியவில்லை. ஆனால் ஒரு பெண் என் பயத்தை என்னிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டு, அதை இத்தனை ஆண்டுகள் தன் வீட்டு முன்னறையில் வைத்திருந்தார். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ரெஜினா அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது ஓர் உறவுமுறை. நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு வீட்டார் எல்லோரும் போய்ச் சுத்தம் செய்து மெழுகுவத்தி ஏற்றுவார்களாம். "நீங்க இந்துக்களாச்சே, வருவீங்களா?" என்று ஃபிலோமினா தயங்கிக் கேட்டார். வருவேன் என்றேன். அவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று அன்று என்னால் சொல்ல முடியவில்லை. இந்தப் பக்கம் நாங்கள் இருக்கிறோம் என்றாவது போய்ச் சொல்ல வேண்டும்.