என் பெயரில் பதிவான என் குறட்டை

2024 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை, காலை 10.40. புனே விஷ்ராந்த்வாடியில் மூன்றாவது நாளாகத் தூறல். வெளியே 24 டிகிரி. பால்கனிக் கொடியில் காயாத துணி பதினொன்று, அதில் என்னுடையது ஏழு. என் மனைவி மடிக்கணினியைக் கொண்டுவந்து என் காபித் தம்ளருக்கு மூன்று விரற்கடை தூரத்தில் வைத்தாள்.

"ஏனுங்க, இதுல இருக்கறது பூரா உங்க பேருங்களே, இது எப்பிடிங்க, யாரு பண்ணுனதுங்க?"

எங்களுக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம். ஒரு வாக்கியத்தில் அவள் இரண்டு 'ங்க' போட்டால் சாதாரணப் பேச்சு, மூன்று என்றால் வருத்தம். 'உங்க'வைத் தள்ளிவிட்டு எண்ணிப் பார்த்தேன். நான்கு.

திரையில் இருந்தது அவளுடைய குறுக்கெழுத்துப் புதிரின் வரலாறு. பதினைந்துக்குப் பதினைந்து, 225 கட்டங்கள், அவற்றில் 68 கறுப்பு. ஐந்து மாதமாக அவள் திருத்தித் திருத்திச் செய்தது. இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலர்ப் போட்டிக்கு அன்று மாலை ஆறு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். சென்ற ஆண்டு இரண்டு பேர் ஒரே புதிரை, ஏதோ பழைய வார இதழிலிருந்து எடுத்து அனுப்பிவிட்டார்கள். அதனால் இந்த ஆண்டு புதிய விதி: புதிரோடு அதன் வரைவுகளையும் காட்ட வேண்டும். கமிட்டி உறுப்பினர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்பது இரண்டாவது விதி. நான் கமிட்டி உறுப்பினன். விழா நாற்காலிகளை எண்ணுவது என் பொறுப்பு. இரண்டு விதிகளையும் கொண்டுவந்ததும் நான்தான்.

அவளுடைய வரைவுகள் மொத்தம் 213. ஒவ்வொன்றின் எதிரிலும் எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர்.

"ஒண்ணு ரெண்டு தப்பா விழுந்திருக்கும்" என்றேன்.

"இருநூத்திப் பதிமூணுங்க. எண்ணிட்டுத்தான் வந்தேன். உங்களோட இருந்து எனக்கும் அந்த வியாதி ஒட்டிக்கிச்சு."

இந்த வரலாற்றைப் பதிந்துவைக்கும் மென்பொருள் நான் எழுதியது. சாகணில் ஒரு வண்டித் தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் பத்தொன்பது வருடம் இருந்தேன். ஒரு கோப்பில் யார், எப்போது, என்ன மாற்றினார்கள் என்பதை ஒன்றுவிடாமல் பதிந்துவைக்கும் மென்பொருள்கள் அங்கே புழங்கின. ஓய்வு பெற்றபின் பொழுது போகாமல் சின்னதாக ஒன்றை நானே எழுதி அதற்குப் 'பதிவேடு' என்று பெயர் வைத்தேன். உலகத்தில் எனக்குத் தெரிந்து அதைப் பயன்படுத்துகிறவர்கள் மூன்று பேர்: நான், என் மனைவி, ரஞ்சன்காவில் சிறிய பட்டறை வைத்திருக்கும் என் பழைய சக ஊழியர் ஒரு மராத்திக்காரர்.

பதிவேட்டுக்கு உங்கள் பெயரை நான்கு இடங்களில் சொல்லலாம். கட்டளையோடு சேர்த்துத் தட்டலாம். வேலை நடக்கும் அந்தக் கோப்புறையில் எழுதிவைக்கலாம். உங்கள் சொந்தக் கோப்பில் வைக்கலாம். அல்லது கணினி முழுமைக்கும் உரிய பொதுக் கோப்பில் வைக்கலாம். நான்கும் நான்கு விதமாகச் சொன்னால் எது செல்லும்? கைக்கு மிக அருகில் இருப்பதுதான் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொண்ட வழக்கம். இப்போது தட்டியது முதலில், பொதுக் கோப்பு கடைசியில்.

நான் அதைத் தலைகீழாகச் செய்திருந்தேன். என் நிரல் நான்கையும் ஒவ்வொன்றாகப் படிக்கும். பின்னால் படித்தது முன்னால் படித்ததை அழித்துவிடும். பொதுக் கோப்பைக் கடைசியில் படிக்க வைத்திருந்தேன். எழுதிய அன்று அது தவறாகவே தோன்றவில்லை. காஸ் இணைப்பு என் பெயரில், மின்கட்டணம் என் பெயரில், குடியிருப்பு சொசைட்டி ரசீது, ரேஷன் கார்டு எல்லாம் என் பெயரில். வாசல் பெயர்ப்பலகையிலும் மேலே என் பெயர், கீழே அவள் பெயர். அதே கையோடு பொதுக் கோப்பிலும் என் பெயரைப் போட்டுவிட்டு மறந்துவிட்டேன். அவள் தன் சொந்தக் கோப்பில் தன் பெயரை ஒழுங்காகத்தான் போட்டிருந்தாள். 213 தடவையும் வீட்டுப் பொதுக் கோப்பு அவளை மிதித்துக்கொண்டு போயிருக்கிறது.

"பழசையெல்லாம் மாத்திப்போடுங்க" என்றாள்.

"மாற்ற முடியாது. பதிந்தது பதிந்ததுதான். அதுதான் பதிவேட்டின் சிறப்பு."

"சிறப்பாப் பண்ணி வெச்சிருக்கறீங்க. சரி, இனிமே வர்றதாவது என்ற பேருல வருமுங்களா? பொதுக் கோப்புல உங்க பேர அழிச்சாப் போதுமுங்களே?"

போதும்தான். ஆனால் தவறு பெயரில் இல்லை, வரிசையில் இருக்கிறது. இன்று பெயர், நாளை தேதி, நாளை மறுநாள் வேறொன்று. வரிசையைத் திருத்தாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வரிசையை மாற்றுவதென்றால் பயன்படுத்துகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்வது முறை. ரஞ்சன்காவ்காரருக்கு போன் செய்தேன். எனக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன்.

"அரே, மத் பதல்னா!" என்று அலறினார், மாற்றாதே என்று. அவர் பட்டறையில் ஃபோர்மேனும் இரண்டு பையன்களும் வரைவதெல்லாம் அவர் பெயரில் பதிவாகிறதாம். வாடிக்கையாளர்கள் எல்லா வரைபடமும் முதலாளியே போடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்களாம். "இவ்வளவு நல்ல வசதியை எதற்கு எடுக்கிறாய்?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"அவரு வீட்டம்மாவுக்கு நானே போன் பண்ணி இந்த வசதியச் சொல்றேன்னு சொல்லுங்க" என்றாள் என் மனைவி, சமையலறையிலிருந்து.

"பாபி க்யா போல் ரஹீ ஹை?" என்றார், அண்ணி என்ன சொல்கிறார் என்று.

"உங்கள் உடம்பு எப்படியிருக்கிறது என்று விசாரிக்கிறாள்" என்று ஹிந்தியில் சொன்னேன்.

அவர் பழைய பதிப்பிலேயே இருந்துகொள்வதாகச் சொன்னார். என் புதிய பதிப்புக்கு ஆட்கள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தார்கள். அந்த இரண்டில் ஒருவர் என்மேல் கோபமாக இருந்தார்.

12.15க்குத் திருத்தினேன். நான்கு வரிகளைத் தலைகீழாக்கினேன், வேறொன்றுமில்லை. அவளை அழைத்து ஒரு பதிவு போடச் சொன்னேன். போட்டாள். எழுதியவர்: சோதனை மாமா.

அவள் குனிந்து இரண்டாம் தடவை படித்தாள்.

"இவரு யாருங்க? நம்ம வீட்டுல மூணாவதா ஒருத்தரு இருக்கறாரா?"

நான்கு வருடத்துக்கு முன் மென்பொருளைச் சோதித்துப் பார்த்தபோது, பின்னால் அவள் புதிருக்கு எடுத்துக்கொண்ட அந்தப் பழைய கோப்புறையில் நானே எழுதிவைத்த பெயர். இத்தனை நாளும் பொதுக் கோப்பு அவரை அழுத்தி வைத்திருந்தது. வரிசை சரியானதும் எழுந்து வந்துவிட்டார். அவர் பெயரைக் கோப்புறையிலிருந்து நீக்கினேன். ஆனால் அவர் போட்ட பதிவை நீக்க முடியாது.

"சிறப்புங்க" என்றாள்.

இப்போது எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நான்கு இடங்கள், ஒவ்வொன்றிலும் பெயர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மொத்தம் பதினாறு நிலைமைகள். வேறொரு காலிக் கோப்புறையில் பதினாறையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். நடுவில் சாப்பிடக் கூப்பிட்டாள். ஒன்பதாவதில் இருந்தேன், போகவில்லை. 3.35க்குப் பதினாறும் சரி. அவள் ஒரு பதிவு போட்டாள். 215வது. எழுதியவர் இடத்தில் அவள் பெயர், முதல் தடவையாக. இரண்டு நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரசத்தைத் திரும்பச் சுடவைத்தாள்.

மிச்சம் 213 என் பெயரில். நடந்ததை விளக்கிக் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன்.

"வேண்டாமுங்க. அதுலயும் உங்க பேருதான வரும்."

உள்ளதை உள்ளபடி அவளே அனுப்பினாள். 5.10க்குச் சங்கச் செயலாளர் என்னைப் போனில் அழைத்தார். சென்னைப் பையன், ஐ.டி. வேலை. எதிரில் உட்கார்ந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இது நீங்க போட்ட ரூல். உங்க பேர்ல இருநூத்திப் பதிமூணு, யாரோ சோதனை மாமான்னு ஒருத்தர் பேர்ல ஒண்ணு, மேடம் பேர்ல ஒண்ணே ஒண்ணு. எப்படி சார் எடுத்துக்கறது?"

"ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு குறிப்பு இருக்குமுங்க தம்பி. அதப் படிங்க" என்றாள்.

"ஓகே மேடம். நாப்பத்தி ஏழு, மதியம் ரெண்டு இருபது. எழுதியவர் சார். 'குறட்டை ஆரம்பிச்சாச்சு. 12 குறுக்கு மாத்தினேன்.'" அடுத்ததற்குப் போனார். "அம்பத்தி மூணு, இதுவும் சார். 'இன்னிக்கு ஜன்னல் ஆடுது. 7 நெடுக்கு சரியில்ல.' எழுபது, 'குறட்டை நின்னுது, எந்திரிச்சு காபி கேப்பாரு, மீதி நாளைக்கு.'"

எனக்குத் தெரியாது. அவளுடைய குறிப்புகளை நான் படித்ததே இல்லை. பின்னர் எண்ணினேன்: 213இல் குறட்டைக் குறிப்புகள் 31, எல்லாம் மதியம் இரண்டுக்கும் மூன்றரைக்கும் இடையில்.

செயலாளர் தொண்டையைக் கனைத்தார். "சார், தூங்கறவர் டைப் பண்ண முடியாதுதான். ஆனா மெயில்ல கமிட்டிக்குப் பதில் சொல்லணும். அஃபிஷியலாவே கேக்கறேன். நீங்க குறட்டை விடுவீங்களா?"

நாற்பத்து மூன்று வருடமாக நான் மறுத்துவந்த விஷயம் அது. மூச்சு கொஞ்சம் அழுத்தமாக வரும், அவ்வளவுதான் என்பது என் நிலைப்பாடு. என் மாமியார் வீட்டார் முன்னிலையில்கூட அதை நான் விட்டுக்கொடுத்ததில்லை. மணி 5.31. எதிரில் அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தாள்.

"விடுவேன்" என்றேன்.

"சத்தமாவா சார்?"

"ஜன்னல் ஆடும்" என்றேன்.

5.48க்கு ஏற்றுக்கொண்டதாக மெயில் வந்தது. பிறகு முடிவு வந்தபோது இரண்டாம் பரிசு. மலரில் புதிருக்குக் கீழே அவள் பெயர் மட்டும்.

மலர் வந்த அன்று அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று எங்கள் பெயர்ப்பலகையை நெடுநேரம் பார்த்தாள். "இதுலயும் வரிசைய மாத்திப்போடலாமுங்களா?" என்றாள். ஒரே ஒரு 'ங்க'. அது வருத்தமில்லை, முடிவு.

ஆளந்தி ரோட்டில் எழுத்துகளை வெட்டி ஒட்டித் தரும் கடைக்குப் போனோம். மேலே அவள் பெயர், கீழே என் பெயர், தமிழில். எழுத்துக்கு நாற்பத்தைந்து ரூபாய். நான் எண்ணியது பத்து எழுத்து. கடைக்காரர் கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக வெட்ட வேண்டும் என்றார். "காகா, துக்டே சத்ரா ஆஹேத்" என்று பதினேழு துண்டுகளையும் மேஜைமேல் பரப்பிக் காட்டினார். நானும் எண்ணினேன். பதினேழுதான். துண்டுகளுக்கு 765, பலகை 400, பொருத்துக்கூலி 100, போகவர ஆட்டோ 84. ஆக மொத்தம் 1,349 ரூபாய்.